பின்பக்கத்து எழுத்து

டிசம்பர் கடைசியில் மளிகைக் கடைக்காரர் காலண்டரோடு சேர்த்துக் கொடுக்கும் டைரி. ரெக்சின் அட்டை, பக்கத்துக்குப் பக்கம் ராகு காலம், எமகண்டம், அடையாளத்துக்கு ஒரு சிவப்பு நாடா. எங்கள் வீட்டில் இதைவிட அந்தரங்கமான பொருள் வேறில்லை.

கைபேசியிலும் எழுதிப் பார்த்தேன். ஒரு சொல்லை முடிப்பதற்குள் அடுத்த சொல்லை அதுவே நீட்டுகிறது. என் துக்கத்துக்கு அது ஏன் சொல் எடுத்துக் கொடுக்க வேண்டும்? எழுதியது எந்த ஊர் சர்வரில் போய் உட்காருகிறதோ! தாளில் அடித்த வரி அடித்த வரியாகவே கிடக்கும். கோபத்தில் அழுத்திய பேனா அடுத்த பக்கத்திலும் தடம் பதித்திருக்கும். அலமாரித் துணிகளுக்கு அடியில் வைத்தால் அங்கேயே இருக்கும்.

புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்குத் துபாசியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்த சேதி, ஆளுநரின் பேச்சு, ஊர் வதந்தி, மனத்தாங்கல் எல்லாம் அதில் உண்டு. அவர் காலத்தில் அது அச்சேறவில்லை. பகலெல்லாம் பிறர் பேச்சைச் சுமந்தவருக்குத் தன் பேச்சை இறக்கிவைக்க ஓர் இடம் வேண்டியிருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு ஒருமனதாகச் சொன்னது 2017இல். எனக்கு அதைச் சொல்லாமல் சொன்னவர் அம்மா. பால் கணக்கு நோட்டின் பின்பக்கங்களில் ஏதோ எழுதிவந்தார். அவர் போன பிறகு நோட்டு என்னிடம் வந்தது. பால் கணக்கு முடியும் பக்கம்வரை புரட்டுவேன். அதற்குமேல் புரட்டியதில்லை.