தோழி இல்லாத் திணை

கைக்கிளை என்பதற்கு ஒருதலைக் காமம் என்று பொருள் எழுதிவிட்டு அப்பால் நகர்வது நம் கல்லூரிக் குறிப்பேடுகளின் நெடுநாள் வழக்கம். தொல்காப்பியர் அகத்திணைகள் ஏழு என்று எண்ணி, அவற்றுள் கைக்கிளையை முதலிலும் பெருந்திணையை இறுதியிலும் வைத்தார். இடையில் நின்ற ஐந்துக்கே ஆய்வும் பாராட்டும் சேர்ந்தன. முதலில் வைத்தது ஏன் என்று கேட்டவர் சிலரே.

இன்று ‘ஒருதலைக் காதல்’ என்னும் தொடரை நாம் பெரும்பாலும் காண்பது நாளிதழின் குற்றச் செய்திகளில்தான். மறுத்த பெண்ணைத் தாக்கியவன், பின்தொடர்ந்து அச்சுறுத்தியவன் ஆகியோரின் செயலுக்கெல்லாம் இந்தப் பெயர் சூட்டப்படுகிறது. ஓர் இலக்கணச் சொல்லின் பொருள் இத்துணை இழிந்தது வருந்தத்தக்கது. இப்பெயருக்கு உரியவர் குற்றம் செய்தவரல்லர். யாரிடமும் சொல்லாமல் உள்ளுக்குள் உருகும் இளைஞரும் இளம்பெண்களுமே. ஆட்சியர் அலுவலகம் அமைந்துள்ள வேங்கிக்காலில், வேலூர்ச் சாலை ஓரத்தில் மாலைப் பேருந்துக்குக் காத்து நிற்கும் மாணவ மாணவியரைக் காண்கையில் இவ்வெண்ணம் நமக்கு எழுவதுண்டு. ஒரே வகுப்பு, ஒரே பேருந்து, ஞாயிறன்று ஒரே பாடகர் குழு என்று பழகுகிற நண்பருள் ஒருவர் மனத்தில் மட்டும் நட்பு வேறொன்றாகிவிட்டால் அவர் என்ன செய்வது? சொன்னால் நட்புப் போகும் என்ற அச்சம். சொல்லாவிடில் நட்பே நடிப்பாகிவிடும் என்ற உறுத்தல். நம் இலக்கியமும் திரைக்கலையும் இதற்கு என்ன விடை வைத்திருக்கின்றன?

தொல்காப்பியர் கைக்கிளைக்கு வகுத்த இலக்கணம் உற்றுநோக்கத்தக்கது. காமம் அறியாத இளையவளிடம் ஒருவன் தன் துயரைச் சொல்கிறான். அவளிடமிருந்து மறுமொழி பெறவில்லை. சொன்னதிலேயே இன்பம் கொள்கிறான். இதுவே அதன் சாரம். அவன் பேசுகிறான் என்பதையும், விடை வராதபோது அவ்வளவில் நின்றுவிடுகிறான் என்பதையும் நாம் குறித்துக்கொள்ள வேண்டும். நில்லாமல் மடலேறித் தெருவுக்கு வந்து, ஊரைக் கூட்டிப் பெண்ணை நெருக்குபவனை அவர் வேறு கட்டத்தில் வைத்தார். மடலேறுதல் பெருந்திணை, வரம்பு மீறிய காமமும் அங்கேதான். நம் திரைப்பட நாயகர் பலர் நாயகியின் பின்னால் சுற்றிப் பாட்டுப் பாடி ‘வெல்வதை’ இவ்விலக்கணப்படி அளந்தால் அவர்கள் பெருந்திணை மாந்தரே. பெண்களைத் தொல்லைப்படுத்துவதைத் தடுக்க 1998இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. இலக்கணத்தார் கண்ட எல்லைக்கோட்டைத் திரை அழித்ததன் பங்கு இதில் இல்லை என்று கூற இயலாது.

கபிலர் பெயரால் வழங்கும் குறிஞ்சிக்கலியில் ஒரு கைக்கிளைப் பாட்டு உண்டு. வழியில் கண்ட பெண்ணின் அழகில் தடுமாறிய ஒருவன் அவளிடம் பேசுகிறான். உன்மேல் தவறில்லை, உன்னை வெளியே அனுப்பிய உன் வீட்டார்மேலும் தவறில்லை. மதயானையை நீர்த்துறைக்கு விடும்போது பறையறைந்து எச்சரிப்பது போல, இவள் வருகிறாள் என்று அறிவிக்கச் செய்யாத அரசனே தவறுடையவன் என்கிறான். நகைச்சுவை ததும்பும் பாட்டுத்தான். ஆயினும் எல்லாரையும் விடுவித்து அரசனைக் குற்றவாளி ஆக்கியவன், தன் நெஞ்சின் பொறுப்பை மட்டும் எண்ணவில்லை. அவள் என்ன நினைத்தாள் என்றும் கேட்கவில்லை. இவ்விரண்டு குறைகளும் இன்றைய இளைஞனிடமும் உள்ளவைதாம்.

ஐந்திணைக் காதலில் இப்படி நேர்வதில்லை. காரணம், அங்கே தோழி இருக்கிறாள். தலைவியின் வாட்டத்தைக் கண்டு உண்மையை அவள் வாயால் வரவழைப்பவள் தோழி. காலம் வந்ததும் அதைச் செவிலியிடம் மறையாது உரைப்பவளும் அவளே. செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் உரைப்பர். இதற்கு ‘அறத்தொடு நிற்றல்’ என்று பெயர் வைத்த நம் முன்னோரின் சொல்லாட்சியை எத்தனை முறை வியந்தாலும் தகும். உண்மை சொல்வதையே அறத்தின் பக்கம் நிற்பதாக அவர்கள் கருதினர். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 261 அடிகளும் இந்த ஒரு துறைக்கே செலவாயின. கைக்கிளைக்கோ தோழியும் இல்லை, பாங்கனும் இல்லை. ஒருதலை உணர்வைக் கேட்டுக்கொள்ளும் செவி அத்திணையில் படைக்கப்படவே இல்லை. அதன் உண்மையான துயரம் இதுவென்றே நாம் கருதுகிறோம்.

தவறான தோழன் வாய்த்தால் என்ன ஆகும் என்பதையும் ஓரிடத்தில் படித்திருக்கிறோம். சாமுவேல் இரண்டாம் நூலின் 13ஆம் அதிகாரத்தில் அம்னோன் தாமார்மேல் கொண்ட வேட்கையால் மெலிகிறான். அவன் வாட்டத்தைக் கண்டு காரணம் கேட்கும் நண்பன் யோனதாபு, தமிழ்த் தோழி கேட்பது போலவே கேட்கிறான். ஆனால் நோயாளிபோல் நடிக்கும் சூழ்ச்சியைச் சொல்லிக் கொடுக்கிறான். அழிந்தது தாமாரின் வாழ்வு.

இனி 1959க்கு வருவோம். ஸ்ரீதர் இயக்கிய முதற்படமான ‘கல்யாணப் பரிசு’ தமிழ்க் குடும்பங்கள் கண்ணீரோடு கொண்டாடிய படைப்பு. தெலுங்கிலும் இந்தியிலும் மீண்டும் எடுக்கப்பட்டது. பாஸ்கரும் வசந்தியும் ஒருவரையொருவர் விரும்புகின்றனர். நோயுற்ற பாஸ்கருக்குப் பணிவிடை செய்த அக்காள் கீதாவும் அவனை விரும்பத் தொடங்குகிறாள். அவள் அதை மறைக்கவில்லை; தங்கையிடம் மனந்திறந்து சொல்கிறாள். கைக்கிளைக்குத் தோழி வாய்த்துவிட்ட அரிய கணம் அது. அந்தக் கணத்தில் வசந்தி உண்மையைச் சொல்லியிருந்தால் கீதா சில நாள் அழுதிருப்பாள். வசந்தியோ வாய்மூடி, பாஸ்கரையும் இணங்கவைத்து, அக்காளுக்கே மணமுடித்து வைக்கிறாள். அதைத் தியாகம் என்று படம் போற்றுகிறது, நாமும் போற்றினோம்.

யாருடைய தியாகம் அது? பாஸ்கரின் விருப்பம் கேட்கப்படாமல் வேறொருவருக்கு வழங்கப்படுகிறது. கீதாவோ தன்னை விரும்பாத கணவனோடு, ஏன் விரும்பவில்லை என்று தெரியாமலே வாழ்கிறாள். உண்மை அவளை வந்தடையும்போது திருத்திக்கொள்ள வாழ்நாள் மிஞ்சவில்லை. அன்பினால் சொல்லப்பட்ட பொய்யானாலும் பொய் பொய்தான் என்பதை ஸ்ரீதரின் கதையே மெய்ப்பிக்கிறது. ஆனால் அவருடைய இயக்கம் அதை ஒப்புக்கொள்ள மறுத்து வயலினைக் கொண்டு நம்மை அழவைக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அதே படத்தில் பாஸ்கரின் நண்பனாக வரும் தங்கவேலு, தானே எழுத்தாளர் பைரவன் என்று மனைவியிடம் கதைவிட்டு அகப்பட்டுக்கொள்ளும்போது அரங்கம் குலுங்கிச் சிரித்தது. அங்கே பொய் அம்பலப்படுகிறது. மையக் கதையில் அதற்கு மாலை விழுகிறது. நகைச்சுவைப் பகுதியே படத்தின் நேர்மையான பகுதி என்று சொன்னால் ஸ்ரீதரின் அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

பிரெஞ்சு நாடகாசிரியர் எட்மோன் ரோஸ்தான் 1897இல் மேடையேற்றிய ‘சிரானோ’ இவ்விடத்தில் ஒப்புநோக்கத்தக்கது. பாலசந்தரின் ‘டூயட்’ (1994) வழியாக அதன் சாயலைத் தமிழர் அறிவர். பெரிய மூக்கனான சிரானோ, தான் விரும்பும் ரொக்சானுக்குத் தன் நண்பன் கிறிஸ்தியான் பெயரில் காதல் கடிதங்கள் எழுதித் தருகிறான். உலகம் சிரானோவின் சொல்லழகில் மயங்கியது. நம் மதிப்போ அழகன்றி வேறொன்றும் இல்லாதவன் என்று ஏளனம் செய்யப்படும் கிறிஸ்தியானுக்கே. ரொக்சான் விரும்புவது தன் முகத்தையன்று, கடிதங்களின் உள்ளத்தையே என்று அறிந்ததும், உண்மையை அவளிடம் சொல், அவளே தேர்ந்துகொள்ளட்டும் என்று சிரானோவை வற்புறுத்துகிறவன் அவன். அறத்தொடு நிற்க முயன்ற தோழன். போர்க்களத்தில் அவன் மாண்டதும் சிரானோ மீண்டும் மௌனத்துள் புகுகிறான். ரொக்சான் துறவியர் இல்லத்தில் ஆண்டுக்கணக்கில் தவறான ஒருவருக்காகத் துக்கம் காக்கிறாள். அம்மௌனத்தைப் பெருந்தன்மை என்று கொள்ள நம்மால் இயலவில்லை.

கதிர் இயக்கிய ‘இதயம்’ (1991) கூச்சமுள்ள மாணவன் ஒருவன் சொல்லாமலே வாடுவதைக் காட்டியது. அக்காலத்துக் கல்லூரி இளைஞர் தம்மையே அதில் கண்டனர். சொல்லாமையையே காதலின் உயர்வாகக் கருதும் மயக்கத்தை அது வளர்த்தது என்பதற்குமேல் இங்கு விரிக்க வேண்டுவதில்லை.

இவற்றுக்கெல்லாம் நெடுங்காலம் முன்பே இப்பொருளில் நேர்மையாகப் பேசிய ஒரு பெண்குரல் நமக்குக் கிடைத்திருக்கிறது. 1894இல் உ.வே.சாமிநாதையர் பதிப்பித்த புறநானூற்றின் 83, 84, 85ஆம் பாட்டுகள் பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார் பாடியவை. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளிமேல் அவர் கொண்ட ஒருதலை அன்பைச் சொல்பவை. தலைவர் பெயர் சுட்டப்பட்டதால் இவை புறத்தில் வைக்கப்பட்டன. இங்கும் தோழி இல்லை. தாயை அஞ்சுகிறார், அவையை நாணுகிறார். அச்சமும் நாணமும் உண்டு என்று ஒப்புகிறார். ஒருபக்கம் சாயாமல் இருபக்கமும் பேசும் ஊர் தன்னைப்போலவே நடுங்கட்டும் என்று சினக்கவும் செய்கிறார். அடுத்த பாட்டில், அவன் கூழ் உண்டும் பெருந்தோளனாய் இருக்க, அருகிலேயே வாழும் தாம் பசந்து பொன்னிறமானதை உரைக்கிறார். வளம் மிக்க வணிகன் மகள் கூழுண்பவனை விரும்புவதை இத்துணை நேராகச் சொல்லியது வியப்பு. அவன் தன்னைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்றோ, தன் துயருக்கு அவன் கடன்பட்டவன் என்றோ மூன்று பாட்டிலும் ஒரு சொல் இல்லை.

மூன்றாம் பாட்டில் மற்போர் நடக்கிறது. இது அவன் ஊருமன்று, நாடுமன்று. ஆதலால் அவன் வென்றான் என்பார் சிலர், இல்லை என்பார் சிலர். நக்கண்ணையார் யார் சொல்லையும் நம்பவில்லை. சிலம்பு ஒலிக்க ஓடிப்போய், தம் வீட்டருகே நின்ற பனையைப் பற்றி நின்று, அவன் வென்றதைத் தம் கண்ணால் காண்கிறார். அவன் இவரைக் கண்டானா என்பதைப் பாட்டுச் சொல்லவில்லை.