மேடையை இழந்த மேடைப்பாட்டு

புனேயில் பேர்பெற்ற பாடகர் ஒருவர் மராத்தி நாடகப் பாட்டான நாட்ய சங்கீதத்தில் கச்சேரி செய்தால் டிக்கெட் கிடைப்பது கஷ்டம். அந்தப் பாடல்கள் பிறந்த நாடகங்களை முழுசாகப் பார்க்கும் வாய்ப்போ எப்போதாவதுதான் வாய்க்கும். கச்சேரிப் பாடகர்கள் இந்தப் பழம்பாட்டை நவீனமாக்கிவிட்டார்கள் என்ற பேச்சு சில ஆண்டுகளாக அடிபடுகிறது. நவீனமாகியிருப்பது பாட்டா, பக்கவாத்தியமா என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

1880 அக்டோபர் 31 அன்று புனேயில் அண்ணாசாகேப் கிர்லோஸ்கரின் ‘சங்கீத சாகுந்தல்’ அரங்கேறியது. அதுவரை மராத்தி நாடகத்தில் பாட்டு பெரும்பாலும் சூத்திரதாரியின் வேலை. கிர்லோஸ்கர் அதைப் பாத்திரங்களின் வாய்க்கே கொடுத்தார். நாடகத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்கள். அவர் பெல்காம் பக்கத்துக்காரர். அதனால் கன்னட மெட்டுகளும் வந்து சேர்ந்தன. அவர் கையாண்ட சாகி, திண்டி போன்ற வடிவங்கள் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதரின் ஹரிகதை வழியாக நமக்கும் பழக்கமானவைதான். மராத்திய கீர்த்தனக்காரர்கள் தஞ்சையில் விட்டுப்போன சொத்து அது.

அடுத்து வந்த பால கந்தர்வர் பெண் வேடத்தில் பாடியே ஒரு தலைமுறையைக் கட்டிப்போட்டார். 1916இல் வந்த ‘ஸ்வயம்வர்’ நாடகத்துக்கு மெட்டமைத்தவர் பாஸ்கர்புவா பக்லே. இந்துஸ்தானி கயால் சங்கீதம் நாடகக் கொட்டகைக்குள் நுழைந்தது. பிறகு அகமத்ஜான் திரக்வா போன்ற மேதையே பால கந்தர்வரின் நாடகக் குழுவில் தபலா வாசித்தார். ருக்மிணி வேடத்தில் பால கந்தர்வர் பாட ஆரம்பித்தால் ‘ஒன்ஸ்மோர்’ மேல் ‘ஒன்ஸ்மோர்’. கதை ஓரமாகக் காத்து நிற்கும். நாடக நடிகர் கிட்டப்பாவுக்குக் கூடிய நம் கூட்டத்தை நினைத்துக்கொண்டால் போதும். பேசும்படம் வந்ததும் இங்கே நடந்ததே அங்கும் நடந்தது. கம்பெனிகள் கடனில் மூழ்கின.

என் கணக்கில், நாட்ய சங்கீதத்தை உண்மையிலேயே நவீனமாக்கியவர் ஜிதேந்திர அபிஷேகி. கோவாவின் மங்கேஷியில் 1929இல் பிறந்து புனேயில் வாழ்ந்தவர். வசந்த் கானேட்கரின் ‘மத்ஸ்யகந்தா’ (1964) தொடங்கி அவர் செய்தது இதுதான்: பாட்டின் நீளத்தைக் குறைத்தார், ராகத்தைப் பாத்திரத்தின் மனநிலைக்குக் கட்டுப்படுத்தினார். நின்றுபோன நாடகம் மறுபடி நடந்தது.

இதன் உச்சம், புருஷோத்தம் தார்வேகர் எழுதிய ‘கட்யார் காள்ஜாத் குஸலி’ (1967). சமஸ்தானத்து ஆஸ்தான வித்வான் பதவிக்குப் பண்டிதர் பானுசங்கரும் கான்சாகிபும் மோதுகிறார்கள். பதவியோடு ஒரு கட்டாரியும் உண்டு. அதைக் கொண்டு செய்யும் ஒரு கொலைக்கு மன்னிப்பும் உண்டு. இதில் தேனுக்கு மயங்கும் வண்டைப் பற்றிய ஒரு பாடல் இரண்டு வடிவில் வருகிறது. தானி ராகத்தில் வருவது சொல்லை நசுக்காமல் துள்ளலாக, நேராகப் போகிறது. சாலகவராளியில் வசந்தராவ் தேஷ்பாண்டே பாடுவதில் அதே சொற்கள் பிர்காக்களுக்கு நடுவே பிய்ந்து பறக்கின்றன. சாகித்யம் ஒன்றுதான்; கேட்பவருக்கு இரண்டு மனிதர்கள் தெரிகிறார்கள், அவர்களுக்கிடையிலான பகையும் தெரிகிறது. வசனம் செய்ய வேண்டியதை மெட்டு செய்துவிட்டது. அந்தக் கான்சாகிபாக நின்ற வசந்தராவ், ராணுவக் கணக்கு அலுவலகத்தில் பல காலம் வேலை பார்த்தவர் என்பது இன்றும் நம்பக் கஷ்டமாக இருக்கிறது.

அவருடைய பேரன் ராகுல் தேஷ்பாண்டேயும் அபிஷேகியின் சீடர் மகேஷ் காளேயும் இந்த நாடகத்தை மறுபடி மேடைக்குக் கொண்டுவந்தார்கள். 2015இல் அது சுபோத் பாவே இயக்கத்தில் படமானது. பண்டிதராக நடித்துப் பாடியவர் சங்கர் மகாதேவன். அதில் பாடிய மகேஷ் காளேவுக்குத் தேசிய விருது. தாத்தாவின் வாழ்க்கையை ‘மீ வசந்தராவ்’ படத்தில் நடித்துப் பாடிய ராகுலுக்கும் பிறகு அதே விருது. கியூபாவின் ஹவானாவில் 1996இல் அந்நாட்டின் பழைய ‘சோன்’ பாட்டை மீட்டபோது அதைப் பாடி வந்த கிழவர்களையே தேடிப்பிடித்து ஒலிப்பதிவுக் கூடத்தில் உட்கார வைத்தார்கள். புனேயில் அந்தப் பொறுப்பு பேரன்மேலும் சீடர்மேலும் விழுந்தது.

இருவரும் அபாரமான குரல்காரர்கள். அதில் எனக்குச் சந்தேகமில்லை. குறை வேறிடத்தில். கச்சேரியில் கீபோர்டும் கிதாரும் சேர்கின்றன, ஒலியமைப்பு பளபளக்கிறது, மெட்டு மட்டும் அபிஷேகி போட்டதுதான். யார், யாரிடம், எதற்காக அதைப் பாடினார்கள் என்பது கழன்றுவிடுகிறது. பண்டிதர் பாட்டும் கான்சாகிப் பாட்டும் ஒரே மனிதர் வாயிலிருந்து அடுத்தடுத்து வரும்போது பகை எங்கே இருக்கும்? பால கந்தர்வர் காலத்து ‘ஒன்ஸ்மோர்’ நோய்தான் இது. அன்று கதை காத்தாவது நின்றது. இன்று அரங்கிலேயே இல்லை.

புதிய முயற்சி வேண்டுமென்றால் 2017இல் வந்த ‘சங்கீத தேவ்பாபளி’யைப் பார்க்க வேண்டும். பிராஜக்த் தேஷ்முக் எழுதி இயக்கியது, இசை ஆனந்த் ஓக். மேடையில் இரண்டே பெண்கள். காலில் முள் தைத்துக் கிடக்கும் துக்காராமின் மனைவி ஆவளி. அவளுக்குப் பணிவிடை செய்ய மாறுவேடத்தில் வரும் ருக்மிணி தேவி. நடிகைகள் நடித்துக்கொண்டே நேரடியாகப் பாடுகிறார்கள். நாட்டுப்புறச் சாயல், சின்னச் சின்னப் பாட்டு. நட்சத்திரப் பாடகர் யாரும் இல்லாமலேயே அது நூற்றுக்கணக்கான முறை மேடையேறிவிட்டது.