சுத்தம் செய்த நத்தை அரை கிலோ: சமையற்குறிப்பு என்னும் பிரதி குறித்துச் சில கேள்விகள்

'ஹோட்டல்ல மாதிரி இருக்கு' என்பதுதான் நம் வீடுகளில் ஒரு பெண்ணின் சமையலுக்குக் கிடைக்கிற ஆகப்பெரிய பாராட்டு. அதே சமயம் எந்த ஊர்ப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து மெஸ்ஸைப் பார்த்தாலும் பலகையில் 'வீட்டுமுறைச் சாப்பாடு' என்று எழுதியிருக்கிறது. வீடு ஹோட்டலைப் பார்த்துச் செய்கிறது. ஹோட்டல் வீட்டைப் பார்த்துச் செய்வதாகச் சொல்லிக்கொள்கிறது. இரண்டுக்கும் நடுவில் மூலம் என்று ஒன்று எங்கே இருக்கிறது? போத்ரியாரைக் கூப்பிட்டு 'மூலமற்ற நகல்கள்' என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்ளலாம். சிறுபத்திரிகை எழுத்தில் அது நமக்குப் பழகிப்போன வசதி. ஆனால் மூலம் இல்லை என்று சொல்லி முடித்த இடத்தில் வேலையும் காணாமல் போய்விடுகிறது. நகலுக்கு மூலம் இல்லாமல் இருக்கலாம், வெங்காயம் உரிக்காமல் இருக்க முடியாது.

உயர்தர உணவகங்களின் பதார்த்தங்களை வீட்டு அடுப்பில் அப்படியே திருப்பிச் செய்து பார்ப்பது மேற்கில் ஒரு தனிப் பழக்கமாகவே வளர்ந்திருக்கிறது. கலிபோர்னியாவின் பிரெஞ்ச் லாண்டரி உணவகத்தை நடத்தும் தாமஸ் கெல்லரின் புத்தகம் 1999இலும், சிகாகோவின் ஆலினியா உணவகத்தின் புத்தகம் 2008இலும் வெளிவந்தன. இரண்டையும் எடுத்துக்கொண்டு சொந்த வீட்டுச் சமையலறையில் குறிப்பு குறிப்பாகச் சமைத்து அனுபவத்தை எழுதிய அமெரிக்கப் பெண்மணி ஒருவர் இருந்தார். ஒரு தட்டுக்கு இரண்டு நாள், மூன்று நாள். அவருக்கு அது விளையாட்டு, பயிற்சி, கொஞ்சம் கர்வம். யாரும் 'இன்னிக்கி ராத்திரிக்குப் பண்ணி வை' என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போகவில்லை. அதே பழக்கம் திண்டுக்கல் மாவட்டத்துக்கு வரும்போது என்னவாகிறது என்பதே இங்கே என் கேள்வி.

பேசுவதற்கு நமக்கு ஒரு கச்சிதமான உதாரணமும் கிடைத்திருக்கிறது. நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜில் 2021இல் திறக்கப்பட்ட 'செம்ம' உணவகத்தின் தலைமைச் சமையல்காரர் விஜய் குமார் நத்தத்துக்காரர். மாவட்டத்தின் அந்தப் பக்கம் நத்தம், இந்தப் பக்கம் எங்கள் சித்தையன்கோட்டை. 2022இல் அந்த உணவகத்துக்கு மிஷலின் நட்சத்திரம் கிடைத்தது. 2025 ஜூனில் நியூயார்க் மாநிலத்தின் சிறந்த சமையல்கலைஞர் என்று ஜேம்ஸ் பியர்ட் விருதை வேட்டி கட்டிக்கொண்டுபோய் வாங்கினார். அவருடைய உணவுப்பட்டியலில் பேர்போனது நத்தைப் பிரட்டல். சின்ன வயதில் தாத்தா பாட்டியோடு வயலில் நத்தை பொறுக்கிய கதையையும், அதைச் சாப்பிட்டோம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்ல வெட்கப்பட்ட கதையையும் அவரே சொல்லியிருக்கிறார். பிரான்சில் நத்தை சீமான்களின் சாப்பாடு என்று பின்னால் படிக்கும்போதுதான் தெரிந்ததாம்.

இதை நம்மவர்கள் இரண்டு விதமாக வாசிக்கிறார்கள். ஒன்று பெருமித வாசிப்பு: நம்ம நத்தை அமெரிக்கா போயிருச்சு. மற்றது நம் தோழர்களின் வாசிப்பு: உழைக்கும் மக்களின் உணவை முதலாளியம் களவாடி, டாலர் விலை ஒட்டி விற்கிறது. இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. வெட்கம் உடைவது சின்ன விஷயமில்லை. பள்ளிக்கூடத்தில் சோற்று டப்பாவை மூடி மூடித் தின்ற எவருக்கும் அது தெரியும். தோழர்களின் கோபத்தையும் நான் தள்ளவில்லை. ஆனால் இரண்டு வாசிப்பும் தட்டைத்தான் பார்க்கின்றன. தட்டுக்குப் பின்னால் இருக்கிற அடுப்படியை இரண்டுமே பார்ப்பதில்லை.

விருது மேடையில் விஜய் குமார், ஏழைச் சாப்பாடு பணக்காரச் சாப்பாடு என்று எதுவும் கிடையாது, சாப்பாடு சாப்பாடுதான் என்ற பொருளில் பேசினார். அவமானத்துக்குப் பதிலடியாக அந்த வாக்கியத்தை நான் ஏற்கிறேன், நிலைமையைப் பற்றிய வர்ணனையாக ஏற்க முடியவில்லை. ஏழைச் சாப்பாடு என்று ஒன்று இருக்கிறது. விலை குறைந்த கறியெல்லாம் வேலை கூடிய கறி. குடல், கால், தலை, ரத்தம், அயிரை மீன், நத்தை என்று எதை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள். தொடைக்கறிக்கும் குடலுக்கும் கசாப்புக் கடையில் இருக்கிற விலை வித்தியாசத்தை வீட்டில் யாரோ மணிக்கணக்காக உட்கார்ந்து கட்டித்தீர்க்கிறார்கள். அது யார் என்று சொல்லத் தேவையில்லை. 'செம்ம' பட்டியலில் குடல் வறுவலும் உண்டு. இப்படியான உணவை ஓர் உயர்தர உணவகம் எடுத்துக்கொள்ள முடிவது, அந்த மணிக்கணக்குக்குச் சம்பளம் கொடுக்க அதனால் முடிகிறது என்பதால்தான். வீட்டில் அது இனாம்.

இந்த இனாம் எப்படி மறைக்கப்படுகிறது என்பதற்குச் சமையற்குறிப்பின் இலக்கணத்தைப் பார்த்தாலே போதும். தமிழ்ச் சமையற்குறிப்பில் எழுவாய் கிடையாது. வதக்கவும், கிளறவும், இறக்கவும். யார் வதக்க? யாருக்கு உத்தரவு? 'வும்' என்று முடிகிற இந்த வினைக்கு முகமில்லை. அரசாங்க அலுவலகச் சுற்றறிக்கை பேசுகிற மொழி இது. அதைவிடத் தந்திரமானது மேலே இருக்கிற தேவையான பொருட்கள் பட்டியல். 'சுத்தம் செய்த நத்தை அரை கிலோ.' செய்த என்பது பெயரெச்சம். நத்தை என்ற பெயருக்கு முன்னால் அடக்கமாக உட்கார்ந்துகொண்டு, நடந்து முடிந்துவிட்ட ஒரு வேலையைப் பொருளின் குணமாக மாற்றிவிடுகிறது. சிவப்பு மிளகாய் என்பது போல, சுத்தம் செய்த நத்தை. நத்தை சுத்தமாகவே பிறந்து வந்த மாதிரி. 'வறுத்து அரைத்த', 'ஊறவைத்துத் தோல் நீக்கிய', 'பொடியாக நறுக்கிய' என்று குறிப்பு வேலையைத் தொடங்குவதற்கு முன்பே ஒரு பொழுது வேலை முடிந்திருக்கிறது. பிரதி தன் மௌனத்தை எங்கே வைத்திருக்கிறது என்று தேடுகிறவர்கள் இந்தப் பெயரெச்சங்களில் தேடலாம்.

போன மழைக்கு என் அண்ணன் மகன் சென்னையிலிருந்து வந்திருந்தான். செல்போனில் அந்தத் தட்டின் படத்தைக் காட்டி, "அத்தை, இது நம்ம ஏரியா ஐட்டமாம்ல, இதே மாதிரி பண்ணுவமா?" என்றான். எங்கள் வீட்டில் நத்தை வைத்ததில்லை. வயல் வைத்திருந்த வீடு. நாற்று நட வந்தவர்கள் மடியில் கட்டிக்கொண்டு போனதைப் பார்த்த வீடு. அந்தப் பார்வையில் சாதி இருந்தது என்பதைப் பூசி மெழுகி எழுத எனக்கு விருப்பமில்லை. நடவு வேலைக்குப் போகிற ஓர் அக்காவிடம்தான் கேட்டேன். "இப்ப எங்க தாயி நத்தை? குருணை மருந்து போட்ட வயல்ல எடுக்கப்படாது. வாய்க்கா ஓரம் தேடித்தான் பாக்கணும்" என்றார். தேடிக் கொண்டுவந்தார். இரண்டு நாள் தண்ணீர் மாற்றி மாற்றிப் போட்டுவைத்து, அது தின்ற சேற்றையெல்லாம் கக்கவைத்து, மூன்றாம் நாள் வேகவைத்தோம். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து வாயில் இருக்கிற மூடியைப் பெயர்த்து, ஊக்கால் குத்திச் சுழற்றி இழுத்து, வால் பக்கத்துக் கறுப்பை அறுத்துப் போட்டு, கல்லுப்பும் மஞ்சளும் வைத்துத் தேய்த்துத் தேய்த்து அலசினால் வழுவழுப்பு போகிறது. இன்னொரு தடவை தேய்த்தால் திரும்ப வருகிறது. இரண்டு பேர், மூன்று மணி நேரம். கிடைத்தது அரை கிலோவுக்கும் கொஞ்சம் குறைவு. அதற்கப்புறம் சின்ன வெங்காயம், தக்காளி, மிளகு, புளி எல்லாம் போட்டுப் பிரட்டி நன்றாக வேகவிட்டு இறக்க அரை மணி நேரம் ஆகவில்லை. (நத்தை மூலத்துக்கு நல்லது என்று அக்கா சொன்னார். நான் முதலில் தேடிய மூலம் வேறு.)

வேலைக்கு நடுவில் அவரிடம் நியூயார்க் விஷயத்தைச் சொன்னேன். விலையைக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. "அங்க யாரு தாயி கழுவுறது?" என்றார்.

உணவு குறித்து நான் படித்த கோட்பாட்டு எழுத்துகளில் இந்தக் கேள்வியை இவ்வளவு நேராகக் கேட்டது மிகக் குறைவு. நியூயார்க் உணவகங்களின் பின்கட்டில் காய் நறுக்குவதும் பாத்திரம் தேய்ப்பதும் பெருமளவுக்கு லத்தீன் அமெரிக்கக் குடியேறிகள் என்பது பொதுவாகத் தெரிந்த விஷயம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் எஸ்கோஃபியே ஹோட்டல் சமையலறையைப் பட்டாளம் மாதிரி பிரித்து ஒழுங்குபடுத்தியதிலிருந்தே இப்படித்தான். குழம்புக்கு ஓர் ஆள், மீனுக்கு ஓர் ஆள், வறுவலுக்கு ஓர் ஆள். நம் ஊர் ஹோட்டலிலும் மாஸ்டர் வேறு, வெங்காயம் உரிக்கிறவர் வேறு, மேசை துடைக்கிற பையன் வேறு. மோசமான கூலி, மோசமான நேரம், புகை, எல்லாம் உண்மை. ஆனாலும் வேலை பிரிந்து கிடக்கிறது, அதற்கு ஒரு பேரும் ஒரு கூலியும் இருக்கிறது. 'ஹோட்டல் மாதிரி' என்று வீட்டுக்கு வரும்போது பத்துக் கை வேலை ஒரு கைக்கு வந்து சேர்கிறது. ருசி மட்டும்தான் நகலாகிறது, வேலைப்பிரிவினை நகலாவதில்லை.

பிரியாணியிலும் இதையே பார்க்கலாம். 1957இல் திண்டுக்கல்லில் நாகசாமி நாயுடு தொடங்கிய ஆனந்த விலாஸ் பிரியாணி ஹோட்டல், அவர் கட்டியிருந்த தலைப்பாகையால் தலப்பாக்கட்டி ஆனது. பின்னால் அந்தப் பெயரின் உரிமைக்காகச் சென்னை உயர்நீதிமன்றம்வரை வழக்கு போனது. தலைப்பாகைக்கு சட்டப் பாதுகாப்பு உண்டு. பூண்டு உரித்த நகத்துக்கு? கல்யாண வீட்டில் பண்டாரி வந்து விறகடுப்பில் தேக்சா ஏற்றி, மூடிமேல் நெருப்புக் கங்கு அள்ளிப் போட்டுத் தம் கட்டும்போது கூட நாலு பேர் நிற்கிறார்கள். அந்தச் சீரகச் சம்பாப் பதத்தை வீட்டில் குக்கரில் கொண்டுவரச் சொல்லிக் கேட்கிறவர்கள், நிற்கிற அந்த நாலு பேரைக் கேட்பதில்லை. பதம் வரவில்லை என்றால் குற்றம் குக்கருக்கு அல்ல, அவளுக்கு.

ரொலான் பார்த் 1957இல் வெளிவந்த தன் நூலில், 'எல்' என்ற பெண்கள் பத்திரிகையின் அலங்காரச் சமையல் படங்களைப் பற்றி எழுதியிருக்கிறார். கண்ணாடி மாதிரி மினுங்கும் அந்தப் பதார்த்தங்கள் வாங்க வசதியில்லாத வாசகிகளுக்காகத் தயாரிக்கப்பட்ட கனவு, கண்ணால் தின்பதற்கு மட்டும் என்பது அவர் வாதம். பத்திரிகைப் படத்துக்கு அது சரி. இன்று கைபேசித் திரையில் வருகிற தட்டு கண்ணோடு நிற்பதில்லை. அடுத்த வேளைக்குக் கோரிக்கையாக மாறுகிறது. பார்த்தின் வாசகி பார்த்ததோடு தப்பித்தாள். நம் வாசகி செய்து காட்ட வேண்டியிருக்கிறது. ரசனையை வர்க்க வேறுபாட்டின் அடையாளமாக விரித்துக் காட்டிய பூர்தியூவும் (1979) நாக்கைப் பற்றிப் பேசின அளவுக்குக் கையைப் பற்றிப் பேசவில்லை என்பது என் குறை.

தமிழில் இந்தப் பிரதிகளுக்கு ஒரு தொடக்கமாக மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' நூலை (1951) சொல்வது வழக்கம். பெயரிலேயே ஒரு தூண்டுதல் இருக்கிறது, அதில் வாஞ்சையும் இருக்கிறது. புதிதாகக் குடித்தனம் போகிற பெண்களை நினைத்து எழுதப்பட்ட நூல். ஆனால் அது ஒரு பிராமணச் சைவ அடுப்படி. நத்தைக்கும் குடலுக்கும் அங்கே குறிப்பு இருக்க முடியாது. இல்லாத அந்தக் குறிப்பை இன்றைக்கு உயர்தர உணவகம் எழுதிக் கொடுத்திருக்கிறது என்பதுதான் விசித்திரம். வயலோரத்தில் வாய்மொழியாக இருந்த அறிவு நியூயார்க் போய் எழுத்தாகி, சித்தையன்கோட்டைக்கு 'ரெசிபி' என்று திரும்பி வருகிறது. வரும்போது சாதியும் வெட்கமும் கழன்றுவிட்டன, நல்லது. கூடவே மூன்று மணி நேரமும் கழன்றுவிட்டது.

வேறு விதமாகவும் எழுத முடியும் என்பதற்கு மராத்தியில் ஷாஹூ பாடோளேயின் புத்தகம் இருக்கிறது (2015). அன்னம் பூரணப் பிரம்மம் என்ற சொலவடையைத் திருப்பிப்போட்டு, அபூரணப் பிரம்மம் என்று தலைப்பு வைத்தார். மராத்வாடாவின் மஹர், மாங் சமூகங்களின் அடுப்படி அது. 2024இல் ஆங்கிலத்திலும் வந்துவிட்டது. எந்தச் சாதி எந்த இறைச்சியை எந்த நிலைமையில் பெற்றது என்பதும் அங்கே சமையற்குறிப்புக்குள்ளேயே வருகிறது. நம்மிடம் தலித் இலக்கியம் வந்து இத்தனை ஆண்டுகளில் அப்படியொரு சமையல் நூலை நாம் விவாதித்ததாக எனக்கு நினைவில்லை. சமையல் என்றால் பெண்கள் பத்திரிகை இணைப்பு என்று ஒதுக்கிவைத்த பழக்கம் நம் தோழர்களிடமும் இருக்கிறது.

அண்ணன் மகன் வாழையிலையில் வைத்துப் படம் எடுத்தான், நன்றாகவே வந்தது. படத்தோடு போட ஒரு குறிப்பு எழுதித் தரச் சொன்னான். எழுதினேன்: 'நத்தை, ஒரு வாளி. வாய்க்கால் ஓரத்தில் ஒருவர் அரை நாள் தேடியது. இரண்டு பெண்கள் மூன்று மணி நேரம் உட்கார்ந்து கழுவியது. அதில் ஒருவருக்கு நடவுக் கூலிக் கணக்கில் கொடுத்தது, மற்றவருக்கு ஒன்றுமில்லை. சின்ன வெங்காயம் கால் கிலோ, உரித்தது நான்.' "இது ரொம்ப நீளமா இருக்கே அத்தை" என்றான்.