எங்கிருந்தும் என்றால் இங்கிருந்தே

"எங்கிருந்து வேணும்னாலும் செய்யற வேலைதானே, அப்ப இங்கிருந்தே செய்யேன்."

பினாங்கில் இருந்த என் பழைய மாணவியிடம் அவளுடைய அம்மா தொலைபேசியில் சொன்னது இது. அப்பாவுக்குப் பக்கவாதம். அண்ணனுக்கு ஜெர்மனியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அவனால் வர முடியாது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, அவனிடம் கேட்கவும் இல்லை. அவள் பி.எஸ்சி. கணினி அறிவியல் படித்தபோது பகுதி 1 தமிழ் வகுப்பு எடுத்தவள் நான். அன்றிரவு என்னை அழைத்து, "என்ன மேடம் பண்றது?" என்று கேட்டாள். "வந்துடும்மா, அப்பாதானே" என்றேன். யோசிக்காமல் வந்த பதில். இந்தக் கட்டுரை அந்தப் பதிலோடு எனக்கு இருக்கும் சண்டை.

ஒரு நாட்டில் தங்கிக்கொண்டு இன்னொரு நாட்டு நிறுவனத்துக்கு மடிக்கணினியில் வேலை செய்யும் வாழ்க்கைக்கென்று ஓர் எழுத்துவகையே வளர்ந்திருக்கிறது. சுகியோ மகிமோட்டோவும் டேவிட் மேனர்ஸும் 1997இல் 'டிஜிட்டல் நோமாட்' என்றொரு நூல் எழுதினார்கள். தொழில்நுட்பம் மனிதனை மறுபடி நாடோடியாக்கும் என்பது அவர்களுடைய கணிப்பு. 2007இல் வந்த டிம் ஃபெரிஸின் 'தி 4-ஹவர் ஒர்க்வீக்' அதை வழிகாட்டி நூலாகவே ஆக்கிவிட்டது. வேலையைச் சுருக்கு, மீதியைப் பிறரிடம் தள்ளு, உலகம் சுற்று என்கிறது அது. பிறர் யார் என்று தேடினால் பெங்களூரு வந்துவிடுகிறது. அந்த நூலில் எடுத்தாளப்பட்டிருக்கும் ஏ.ஜே. ஜேக்கப்ஸின் கட்டுரையில், மனைவியிடம் மன்னிப்புக் கேட்கும் மின்னஞ்சலைக்கூட இந்தியாவில் இருக்கும் ஒரு பெண் உதவியாளர்தான் எழுதித் தருகிறார். நகைச்சுவையாக எழுதப்பட்ட பகுதி அது. நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும், அந்தப் பெண் வீட்டில் அன்று யார் சமைத்திருப்பார்கள் என்று தோன்றியது.

இந்த எழுத்தின் நாயகன் நமக்குப் புதியவன் அல்ல. பொருள்வயின் பிரிவு என்று வருடம் தவறாமல் வகுப்பில் நடத்துகிறோமே, அந்தத் தலைவன்தான். அவன் போவதற்கு ஓர் இடம் உண்டு, திரும்பி வருவதற்கு ஒரு கார்காலம் உண்டு. அவன் போவதற்கு 'வினை' என்று கௌரவமான பெயரும் உண்டு. குறுந்தொகை 135ஆம் பாடலில், பிரிவை நினைத்துக் கலங்கும் தலைவியைத் தோழி தேற்றுகிறாள். ஆணுக்கு வேலைதான் உயிர், வீட்டிலிருக்கும் பெண்ணுக்கு அவன்தான் உயிர் என்று நமக்குச் சொன்னவரே அவர்தான், விட்டுப் போகமாட்டார், அழாதே என்கிறாள். ஆறுதல்போல ஒலிக்கும் அந்தப் பேச்சுக்குள் உழைப்புப் பிரிவினை முழுசாக உட்கார்ந்திருக்கிறது.

தொல்காப்பியம் அகத்திணையியலில் கடல் கடந்து போகும் வழக்கம் பெண்ணோடு இல்லை என்றொரு நூற்பா வருகிறது. இளம்பூரணர் கடற்பயணம் என்றே உரை எழுதுகிறார். நச்சினார்க்கினியரோ அங்கே கடலைக் காணவில்லை. ஓதல், தூது, பொருள் என்ற மூன்று தன்மையிலான பிரிவு என்று பிரித்துப் பொருள் கொள்கிறார். இரண்டு உரையையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப்போட்டு, எது பொருத்தம் என்று நான் எத்தனையோ வருடம் விவாதித்திருக்கிறேன். எந்த உரையை எடுத்தாலும் அவள் வீட்டில்தான் இருக்கிறாள் என்பதைச் சொல்ல எனக்கு இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

அவள் கடல் கடந்தாள். மலேசிய அரசு 2022இல் தொடங்கிய டிஇ ரன்டாவ் அனுமதி அது. தொழில்நுட்பத் துறையினருக்கு ஆண்டு வருமானம் 24,000 டாலர் இருக்க வேண்டும். ஓராண்டு வரை தங்கலாம், பிறகு புதுப்பிக்கலாம். ஜார்ஜ்டவுனில் ஓர் அறை எடுத்தாள். அங்கே என்ன கிடைத்தது என்று கேட்டபோது கடற்கரையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "தூங்கினேன் மேடம். நான் எந்திரிக்கலேன்னு யாரும் கதவத் தட்டல" என்றாள். அமெரிக்க நிறுவனம். நியூயார்க்கில் கோடைக்காலக் காலை 9 மணி என்றால் பினாங்கில் இரவு 9. விடியற்காலையில் வேலை முடித்து, லிட்டில் இந்தியாவில் போய்த் தனியாக உட்கார்ந்து தோசை சாப்பிட்டுவிட்டு, பகலெல்லாம் உறங்குவாள். 34 வயதில் முதல்முறையாக அவளுடைய களைப்பு அவளுக்கே சொந்தமாக இருந்தது. இதை அற்பம் என்று நினைப்பவர்கள் 2020இல் என் வகுப்பைக் கேட்டிருக்க வேண்டும். சமையல்மேடையில் கைபேசியைச் சாய்த்துவைத்து ஐங்குறுநூறு நடத்தினேன். குக்கர் விசிலை எண்ணி, "மேம், மூணு ஆயிடுச்சு" என்று மாணவிகள்தான் எனக்கு நினைவூட்டுவார்கள். வீட்டிலிருந்தே வேலை என்றால் ஒரு பெண்ணுக்கு இரண்டு வேலையும் ஒரே மேசையில்.

நட்டக் கணக்கும் சிறியதல்ல. அவள் ஊழியர் அல்ல, ஒப்பந்தக்காரர். வருங்கால வைப்புநிதி கிடையாது. 26 வார மகப்பேறு விடுப்பைத் தரும் சட்டம் அவள் இருக்கும் திசைக்கே எட்டாது. ஒப்பந்தம் முறிந்தால் அறையும் போச்சு, நாடும் போச்சு. தெரிந்த முகம் என்று அங்கே ஒருவரும் இல்லை. ஒரு முறை காய்ச்சல் கண்டபோது, வாசலில் உணவுப் பொட்டலத்தை வைத்துவிட்டுப் போகும் பையனைத் தவிர நான்கு நாள் யாரையும் பார்க்கவில்லை. டாலர் வருமானக்காரர்கள் குடியேறுவதால் உள்ளூர்க்காரர்களின் வாடகை ஏறுகிறது என்று 2025 ஜூலையில் மெக்சிகோ நகரத்து மக்கள் தெருவில் இறங்கினார்கள். அந்தக் கோபத்திலும் நியாயம் இருக்கிறது.

பினாங்கு என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி நம் பெண்கள் முன்பே அந்தத் துறைமுகத்தில் இறங்கியிருக்கிறார்கள். ரப்பர் பால் வெட்ட, ஆணைவிடக் குறைந்த கூலிக்கு. தோட்டத்துக்குக் கை தேவைப்பட்டபோது இலக்கணம் குறுக்கே நிற்கவில்லை. இன்றைக்கும் பத்தாம் வகுப்பு தேறாத, 30 வயது நிரம்பாத பெண் வீட்டுவேலைக்காக மலேசியா போக இந்தியக் குடிபெயர்வு விதிகள் அனுமதிப்பதில்லை. பாதுகாப்புக்காகவாம். அதனால் முகவர்கள் சுற்றுலா விசாவில் அனுப்புகிறார்கள், பாதுகாப்பு இன்னும் குறைகிறது. ஒருத்திக்கு மடிக்கணினியைப் பார்த்து வாசல் திறக்கிறது. அதே தமிழ் பேசும் இன்னொருத்திக்கு அது மூடியே கிடக்கிறது. என் மாணவியின் சுதந்திரத்தைப் பாராட்டும்போது இவளை மறந்துவிட்டு எழுத முடியவில்லை.

ஆனால் வாசல் திறந்தவளையும் வீடு திரும்ப அழைத்துக்கொண்டதே, அதுதான் என்னை உறுத்துகிறது. அண்ணனின் வேலைக்கு ஒரு கட்டடமும் வருகைப்பதிவும் இருக்கின்றன. எனவே அவன் பிரிந்திருப்பது வினை. இவளுடைய வேலைக்கு இடம் கிடையாது. ஆகவே இவள் பிரிந்திருப்பது வீம்பு. நாடோடி நூல்கள் ஆணுக்கு வரமாக விற்ற அதே 'எங்கிருந்தும்' இவளைக் கட்டியிழுக்கும் கயிறாகிவிட்டது. நானும் ஒரு கை கொடுத்து இழுத்திருக்கிறேன். "உங்க அண்ணன் எத்தனை மாசம் லீவு போட முடியும்னு கேட்டியா?" என்பதுதான் அன்று நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

அனுமதி முடிய ஐந்து மாதம் இருக்கும்போதே அவள் திரும்பினாள். பகலில் அப்பாவுக்குப் பயிற்சி, குளியல், மருந்து. இரவு 7:30க்கு மாடி அறையில் அதே நியூயார்க். சம்பளம் குறையவில்லை, அதனால் எதையும் இழக்கவில்லை என்று வீட்டில் நம்புகிறார்கள். சென்ற மாதம் போயிருந்தபோது, மாடி அறைக்குக் கதவு போட ஆசாரியைத் தேடிக்கொண்டிருந்தாள். "ராத்திரி யாரு மேல வரப்போறா, கதவு எதுக்கு?" என்று கேட்டபடி அவளுடைய அம்மா எனக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தார். அவள் பதில் சொல்லாமல் நிலைச்சட்டத்தின் அளவைக் குறித்துக்கொண்டிருந்தாள்.