தேயிலைச் செடியும் மூன்று பாடநூல்களும்

குடியியல், உலக வரலாறு, பொருளியல் ஆகிய மூன்றும் இடைநிலை வகுப்பு மாணாக்கர்க்குக் கற்பிக்கப்படவேண்டியவை என்பதிற் கருத்து வேறுபாடு இல்லை. அவற்றை எவ்வாறு கற்பிப்பது என்பதிலேயே நமது கல்வியுலகம் நெடுங்காலமாக ஒரு தவற்றைச் செய்து வருகின்றது. மூன்றையும் மூன்று பெட்டிகளாகப் பூட்டி வைத்திருக்கின்றோம். ஒன்றின் திறவுகோல் மற்றொன்றுக்குப் பொருந்தாது என்று ஆசிரியரும் நம்புகின்றனர், மாணாக்கரும் நம்புகின்றனர். இந்தப் பூட்டுக்களுக்கிடையே தொலைந்துபோகின்றவன் மனிதன். அதுவும் உழைக்கும் மனிதன்.

மலையகப் பாடசாலை ஒன்றிற் பல்லாண்டு பணியாற்றிய நண்பர் ஒருவர் கூறிய நிகழ்ச்சியை ஈண்டு எடுத்துக்காட்டலாம். பத்தாம் தர வகுப்பு. குடிமகன் என்பவன் யார், அவனுடைய உரிமைகள் எவை, கடமைகள் எவை என்று கரும்பலகையில் வரிசையாக எழுதி முடித்திருந்தார் நண்பர். பின்வரிசை மாணவி ஒருத்தி எழுந்து கேட்டாள்: "சேர், எங்க தாத்தா இந்தத் தோட்டத்துலதான் பொறந்தாரு. ரொம்பக் காலமா அவருக்கு வோட்டு இல்லேன்னு அம்மா சொல்றாங்க. அது ஏன் சேர்?"

"அது வரலாற்றுப் பாடம், அங்கே கேள்" என்றார் நண்பர். வரலாற்று ஆசிரியரோ, "அது பரீட்சைக்கு வராது" என்று சொல்லிவிட்டாராம். "நாங்கள் இருவரும் பொய் சொல்லவில்லை; ஆனால் உண்மையையும் சொல்லவில்லை" என்று நண்பர் பின்னர் வருந்தினார்.

அந்தச் சிறுமியின் வினாவுக்கு எந்தத் தனிப் பாடத்திலும் முழுமையான விடை இல்லை. குடியியல் கூறக்கூடிய விடை இது: 1931 இல் 21 வயது நிரம்பிய ஆண் பெண் இருபாலார்க்கும் இந்நாட்டில் வாக்குரிமை வந்தது, ஆயினும் இந்திய வம்சாவளியினர்க்கு அப்போதே நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. சுதந்திரம் கிடைத்த 1948 ஆம் ஆண்டிலேயே நிறைவேறிய 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், இங்கே பிறந்தால் மட்டும் போதாது, தந்தையும் இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தந்தை வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்று விதித்தது. லயத்தில் பிறந்து லயத்தில் மடிந்த மக்களுள் எத்தனை பேரிடம் பாட்டனின் பிறப்புச் சான்று இருந்திருக்கும்? அடுத்த ஆண்டுத் தேர்தற் திருத்தச் சட்டம் குடியுரிமை இல்லாதாரின் வாக்கையும் பறித்தது.

இது விடையின் ஒரு பகுதியே. அந்தப் பாட்டன் ஏன் இங்கு வந்தான் என்று கேட்டால், உலக வரலாற்றின் பெட்டியைத் திறந்தாக வேண்டும். 1833 இல் பிரித்தானியப் பேரரசில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் நிறைவேறியது. மேற்கிந்தியத் தீவுகளின் கோப்பித் தோட்டங்கள் அதன்பின் தளர்ச்சியுற்றன. 1835 இல் இலங்கைக் கோப்பிக்கும் மேற்கிந்தியக் கோப்பிக்கும் பிரித்தானியச் சந்தையில் ஒரே அளவான தீர்வை விதிக்கப்பட்டது. கண்டிச் சீமையின் காடுகள் அழிக்கப்பட்டுக் கோப்பித் தோட்டங்களாயின. அவற்றில் உழைக்கத் தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து மக்கள் கடல் கடந்து, மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழியே நடந்து வந்தனர். 1869 இற் கோப்பிச் செடியை இலைநோய் பற்றியது. அதற்கு இரண்டாண்டு முன்னரே ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். கோப்பி அழிந்த இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சம் மேலும் பல்லாயிரவரை இங்கே தள்ளியது.

அடிமை ஒழிப்பும், தீர்வையும், பூஞ்சண நோயும், பஞ்சமும் ஒன்றுசேர்ந்து ஒரு சிறுமியின் மூதாதையரை இந்த மலைக்குக் கொணர்ந்தன. இதனினும் சிறந்த உலக வரலாற்றுப் பாடம் வேறு எங்கேயிருக்கின்றது? ஆனால் நாமோ மன்னர்களின் பட்டங்களையும் போர்களின் ஆண்டுகளையும் மனனஞ் செய்வித்து, அதனை வரலாறு என்கின்றோம். தமது தோட்டமும் உலக வரலாற்றின் ஓர் அத்தியாயம் என்பதை அறியாமலே மாணாக்கர் பாடசாலையை விட்டு வெளியேறுகின்றனர்.

மூன்றாவது பெட்டி பொருளியல். கங்காணி முறையும், தொழிலாளியைக் கடனுடன் சேர்த்து ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குக் கைமாற்றிய 'துண்டு' முறையும் இல்லாமல் அந்த உழைப்பின் கதை நிறைவுறாது. துண்டு முறை 1921 இலேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1927 இல் வந்தது. நாட்சம்பளம் 1,000 ரூபாவாக வேண்டும் என்று தொழிலாளர் பல்லாண்டு போராடினர். 2021 இல் அத்தொகை விதிக்கப்பட்டது. வகுப்பறையில் ஆசிரியர் கேட்க வேண்டிய வினா இங்கேதான் பிறக்கின்றது: அந்த 1,000 ரூபா எவ்வளவு பெறுமதியானது? 2022 செப்டெம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் முந்திய ஆண்டின் அதே மாதத்தைவிட ஏறத்தாழ 70 சதவீதம் உயர்ந்திருந்தது. 1,000 ரூபாவுக்கு வாங்கிய பொருள்களை ஓராண்டின் பின் வாங்க ஏறத்தாழ 1,700 ரூபா வேண்டியதாயிற்று. பணக்கூலி வேறு, மெய்க்கூலி வேறு என்பதை இதனினும் தெளிவாக எந்த வரைவிலக்கணம் விளக்கும்? தாயின் சம்பளச் சிட்டையையும் கடைக்கணக்கையும் அருகருகே வைத்துப் பார்க்கத் தெரிந்த மாணவிக்கு, பணவீக்கம் ஒரு சொல்லன்று. அது வீட்டு அடுப்பிலே தெரிகின்ற உண்மை.

பாடங்களை ஒன்றிணைக்கும் முயற்சி இந்நாட்டில் நடைபெறாமலில்லை. 1972 ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தம் வரலாறு, புவியியல், குடியியல் ஆகியவற்றைச் 'சமூகக் கல்வி' என்னும் ஒரே பாடமாக்கியது. நோக்கம் நன்று. ஆனால் மூன்று நூல்களை ஓர் அட்டைக்குள் தைத்துவிட்டால் அவை ஒன்றாகிவிடுவதில்லை. அறிவை இணைக்கின்றது அட்டையன்று, வினா. பின்னர் அவை மீண்டும் பிரிக்கப்பட்டன. சாதாரண தரத்தில் வரலாறு கட்டாய பாடமாகவும் குடியுரிமைக் கல்வி விருப்பப் பாடமாகவும் அமைந்தன. பொருளியல் உயர்தர வகுப்புக்கென ஒதுக்கப்பட்டது. இதன் விளைவு யாது? நாட்டிற் பல பிள்ளைகள் சாதாரண தரத்தோடு தொழிலுக்குப் போகின்றனர். கூலி, விலை, கடன் ஆகியவற்றின் இயல்பை அறியவேண்டிய தேவை எவர்க்கு மிகுதியோ, அவர்க்கே அவ்வறிவு எட்டாமற் போகின்றது.

"பாடசாலைக்குள் அரசியலைக் கொணராதீர்" என்று சிலர் கூறுவர். அரசியல் பாடசாலைக்குள் நாம் அழைத்தா வருகின்றது? 2022 மார்ச் மாதத்தில், அச்சிடத் தாள் இன்மையால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. தாளை இறக்குமதி செய்ய அந்நியச் செலாவணி இல்லை. அடுத்த மாதமே அரசு வெளிநாட்டுக் கடனைச் செலுத்துவதை இடைநிறுத்தியது. அன்று மாணாக்கர் முன் வைக்கப்படாத அந்த வெற்றுத்தாளே அவ்வாண்டின் மிகப்பெரிய பொருளியற் பாடம். அதனை விளக்க வாய் திறவாத ஆசிரியர் நடுநிலைமையைக் காக்கவில்லை, அறியாமையையே காக்கின்றார்.

எனினும், முற்போக்காளராகிய நாமும் நம்மை நோக்கி ஒரு வினா எழுப்பவேண்டும். பழைய மனனத்தின் இடத்திற் புதிய சுலோகங்களை மனனஞ் செய்விப்பது கல்வியாகுமா? மன்னரின் புகழை ஒப்புவித்த மாணவன் இன்று வர்க்கப் போராட்டத்தின் வரைவிலக்கணத்தை ஒப்புவிக்கின்றான் என்றால், மாறியது பாடம் மட்டுமே. கற்கும் முறை மாறவில்லை.

யாழ்ப்பாணத்து வகுப்பறைக்கு ஏற்ற ஓர் உதாரணத்தால் இதனை விளக்கலாம். 1924 இல் மாணவர் காங்கிரசாகத் தொடங்கிய யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ், ஹன்டி பேரின்பநாயகம் போன்ற ஆசிரியர்களால் வளர்க்கப்பட்டது. அது சாதி வேற்றுமையை எதிர்த்தது. முழுச் சுதந்திரம் கோரியது. அதே இயக்கம் 1931 இல், முதன்முதலாகச் சர்வசன வாக்குரிமையோடு நடந்த தேர்தலைப் பகிஷ்கரிக்குமாறு வடபகுதி மக்களைக் கேட்டது. அது சரியா, தவறா? இவ்வினாவை ஆசிரியர் விடையோடு சேர்த்து வழங்கக் கூடாது. டொனமூர் யாப்பு என்ன தந்தது, என்ன தரவில்லை, பகிஷ்காரத்தால் நேர்ந்தது என்ன என்று சான்றுகளை முன்வைத்து, இரு பக்கமும் நின்று மாணாக்கர் வாதிடட்டும். தாம் மதிக்கின்ற இயக்கத்தையே விசாரணைக்கு உட்படுத்தத் துணிகின்ற ஆசிரியரிடமிருந்தே மாணாக்கர் குடியியலைக் கற்பர்.

பாடவிதானத்தை முடிக்கவேண்டும், பரீட்சைப் பெறுபேறு வேண்டும், பெற்றோர் கேட்கின்றனர் என்று ஆசிரியர் கூறும் இடர்கள் மெய்யானவையே. ஆயினும் அந்தச் சிறுமியின் வினாவுக்குத் தேவைப்பட்டவை மூன்று பாடவேளைகள் மட்டுமே: ஒன்றில் சட்டம், மற்றொன்றில் கோப்பியும் தேயிலையும், பிறிதொன்றிற் சம்பளச் சிட்டை. இருவரோ மூவரோ ஆசிரியர் ஓய்வறையில் ஒன்றாக அமர்ந்து திட்டமிட்டால் எந்தச் சுற்றுநிருபமும் இன்றி இது கைகூடும்.

அவளது கதையின் முடிவையும் அவள் அறியவேண்டும். 1964 ஒக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில், 525,000 பேர் இந்தியாவுக்கும் 300,000 பேர் இலங்கைக்கும் என்று பிரிக்கப்பட்டனர். எஞ்சிய 150,000 பேர் பற்றிய தீர்மானம் பிற்போடப்பட்டது. அம்மக்களின் விருப்பத்தை எவரும் கேட்கவில்லை. எஞ்சியிருந்தோர்க்குக் குடியுரிமை வழங்கிய சட்டம் 2003 இலேயே வந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்த அந்த அநீதி, மக்கள் சங்கமாகச் சேர்ந்து கேட்டமையாலேயே நீங்கியது.

தன் தாத்தாவின் வாக்கு சட்டத்தாற் பறிக்கப்பட்டது என்பதை அறிகின்ற பிள்ளை, சட்டங்கள் மனிதராற் செய்யப்படுபவை என்பதையும் அறிந்துகொள்கின்றது. மனிதர் செய்ததை மனிதர் மாற்றலாம் என்பதே குடியியலின் முதற் பாடம். அதனைக் கற்பியாத வகுப்பறை எத்தனை அதிதிறமைச் சித்திகளை ஈட்டினும், அதன் கரும்பலகை வெறுமையானதே.