அந்தக் காலக் கட்டுரைகளும் அழிந்துபோன குரல்களும்

அண்மைக் காலமாக நமது சஞ்சிகைகளிலும் விழா மலர்களிலும் ஒரு வகை எழுத்துப் பெருகி வருகிறது. நினைவுக் குறிப்பு, மண்வாசனைக் கட்டுரை, ஊர் வரலாறு எனப் பல பெயர்களில் வந்தாலும் உருவம் ஒன்றுதான். முதலில் ஒரு வளவு வரும். அங்கே கிணறு, துலா, உரல், பன்பாய், பெற்றோல்மெக்ஸ் விளக்கு. பிறகு பள்ளிவாசல் நகரா, நோன்புக் கஞ்சி, றேடியோவில் முஸ்லிம் சேவை. கடைசியில் கைத்தொலைபேசி வரும். அது வந்ததோடு எல்லாம் போய்விட்டது என்று கட்டுரை முடியும்.

பத்துக் கட்டுரையை அடுத்தடுத்து வாசித்தால் எது எந்த ஊர் என்று பிரித்தறிய முடியாது. காத்தான்குடியும் ஏறாவூரும் ஓட்டமாவடியும் ஒரே உரலில் இடித்த மாவாகிவிடுகின்றன. ஆசிரியன் என்ற வகையில் இதன் விளைவை நான் வகுப்பறையில் காண்கிறேன். 'எனது கிராமம்' என்று கட்டுரை கேட்டால், பிள்ளைகள் தாங்கள் ஒருநாளும் கண்டிராத துலாவையும் உரலையும் எழுதித் தருகிறார்கள். தங்கள் வீட்டு முற்றத்தில் நிற்கும் தண்ணீர்த் தாங்கியை எழுதுவதில்லை. நினைவு என்பது பொருள்களின் பட்டியல் என்பதை அவர்கள் நம்மிடமிருந்துதான் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

பட்டியல் போடுவதே குற்றம் என்று நான் சொல்ல வரவில்லை. எஸ்.எல்.எம். ஹனீபாவின் 'மக்கத்துச் சால்வை' (1992) தொகுதியின் தலைப்பே ஒரு துணியின் பெயர்தான். ஆனால் அந்தக் கதையை வாசித்து முடித்த எவரிடமும் கேட்டுப் பாருங்கள்; சால்வையைப் பற்றிப் பேசமாட்டார்கள், மனிதரைப் பற்றித்தான் பேசுவார்கள். அதுவும் அந்த மனிதர்கள் பேசுகின்ற, நமது காதுக்குத் தெரிந்த பேச்சைப் பற்றித்தான். நமது நினைவுக் கட்டுரைகளில் இல்லாதது இந்தப் பேச்சு. பொருள் இருக்கும், அதைப் புழங்கியவர் வாய் திறக்கமாட்டார். காத்தான்குடிப் பூர்வீக நூதனசாலையில் பழைய புழங்குபொருள்களையும் ஆளளவு உருவங்களையும் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டவேண்டிய இடம்தான். இருந்தும் அந்த உருவங்கள் ஊமையாக நிற்பதைப் பார்க்கும்போது நமது கட்டுரைகள்தான் எனக்கு ஞாபகம் வருகின்றன.

இனி அந்தக் கடைசி வரிக்கு வருகிறேன். தொழில்நுட்பம் வந்து எல்லாம் போயிற்று என்பது உண்மையா? எமது வாவிக்கரையை வைத்தே பார்ப்போம்.

மட்டக்களப்பு வாவியின் 'பாடும் மீன்' பற்றித் தெரியாதவர் இல்லை. 1848இல் இங்கு வந்த எமர்சன் டெனன்ட் இரவில் தோணியில் போய் அந்த ஓசையைக் கேட்டு, ஈரவிரலால் கண்ணாடிக் குவளையின் விளிம்பைத் தேய்த்தால் எழும் நாதம் போன்றது என்ற பொருள்பட எழுதி வைத்தார். பாடுவது மீனல்ல, ஊரிதான் என்று நமது மீனவர்கள் அவரிடம் சொன்னதும் அவரது நூலில் இருக்கிறது. விபுலானந்த அடிகள் அதை நீரரமகளிரின் இசையாகக் கண்டு பாடினார். 1954இல் இயேசு சபையைச் சேர்ந்த லாங் அடிகளார் நீருக்குள் ஒலிவாங்கியை இறக்கி அந்த ஓசையைப் பதிவு செய்தார். பின்னர் அது இலங்கை வானொலியிலும் ஒலித்தது. ஆக, மீனோ ஊரியோ, அந்தக் குரல் தப்பியது ஒரு பொறியின் தயவால். அதே ஆண்டில் அதே வாவிக்கரையில் எங்களூர் மூத்தம்மாமார் தாலாட்டினார்கள், வயலில் கவி படித்தார்கள், மையத்து வீட்டில் ஒப்பாரி வைத்தார்கள். அதில் ஒரு நிமிடம்கூட எங்கள் ஊரில் எவரிடமும் இல்லை. பொறி வந்ததால் போனதல்ல இது. அவர்கள் வாயருகே பொறியை யாரும் கொண்டு போகாததால் போனது.

சொற்களைச் சிலர் காப்பாற்றித் தந்திருக்கிறார்கள். எஸ். முத்துமீரான் பல்லாண்டு ஊர் ஊராக அலைந்து திரட்டியவை நம்மிடம் உண்டு. அனார் தொகுத்த 'பொடுபொடுத்த மழைத்தூத்தல்' 2013இல் க்ரியா வெளியீடாக வந்து, கிழக்கிலங்கைக் கவிகளைக் கடல் கடந்த வாசகருக்கும் கொண்டுசேர்த்தது. இவர்கள் செய்தது பெருங்காரியம். ஆனால் அச்சு தரக்கூடியது சொல்லை மட்டுமே. கவியின் இரண்டாம் அடியை இழுத்து நிறுத்தி மூச்சு வாங்கும் இடம் அச்சில் வராது. கேட்டிராதவன் அதைச் செய்யுளாக வாசிப்பான், கேட்டவனுக்குத்தான் அது பாட்டு. எமக்குப் பிறகு கேட்டவன் என்று ஒருவனும் இருக்கமாட்டான்.

பொறி நம் வீடுகளுக்குள் வராமலும் இல்லை. எழுபதுகளின் நடுப்பகுதியிலிருந்து எம்மவர் மத்திய கிழக்குக்குப் போகத் தொடங்கினார்கள். எண்பதுகளில் பெண்களும் பெருந்தொகையாகப் போனார்கள். அவர்கள் முதலில் அனுப்பிய பொருள்களில் ஒன்று கசட் போடும் றேடியோ. எழுதத் தெரியாத உம்மாவுக்கும், எழுதினால் வாசிக்கத் தெரியாத மகளுக்கும் நடுவில் அந்தக் கசட்டே கடிதமாகப் போய் வந்தது. பக்கத்துக்கு முப்பது நிமிடம். ஊருக்கு வருகிறவர் பையில் வரும். திரும்பிப் போகிறவர் பையில் மறுமொழி போகும். நம் இலக்கியத்தில் இந்தக் குரல்கடிதம் எங்கே? பெண்கள் வெளிநாடு போனது பற்றிக் கதைகள் நிறைய உண்டு. கொடுமைக்கார எஜமானி, ஊதாரிப் புருஷன், பெட்டியில் வந்த மையத்து — இந்த மூன்றுக்குள் பெரும்பாலானவை அடங்கிவிடும். அந்தப் பெண் கசட்டில் என்ன பேசினாள் என்று எழுதிய ஒரு கதை என் கண்ணில் படவில்லை.

என் சாச்சி குவைத்தில் இருந்தவர். அவர் அனுப்பிய கசட்டுகள் எங்கள் வீட்டில் மூன்று இருந்தன. கண்ணீர் வரும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்து போவார்கள். "நான் இஞ்ச நல்லா இரிக்கன். ஆடு குட்டி போட்டிச்சா? சல்லி கிடைச்சா? தகரம் எத்தின வாங்கின? வாப்பாட இருமலுக்கு மருந்து எடுத்தயா?" என்று கணக்குத்தான் கேட்டுக்கொண்டு போவார். இடையில் எஜமானி கூப்பிடும் மணி கேட்கும், 'டக்' என்று நிற்கும். மறுபடி தொடங்கும்போது குரல் சற்று மாறியிருக்கும். அந்த 'டக்'குக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையில் என்ன நடந்ததென்று எங்களுக்குத் தெரியாது. எங்கள் சிறுகதையாளர் புகவேண்டிய இடம் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

1990 ஓகஸ்ட் 2ஆம் திகதி ஈராக்கின் படை குவைத்துக்குள் புகுந்தது. மறுநாள் இரவு காத்தான்குடியில் மீரா ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஹுஸைனியாப் பள்ளிவாசலிலும் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுடப்பட்டார்கள். 11ஆம் திகதி இரவு ஏறாவூர். இரண்டு இடத்திலும் இறந்தவர்கள் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள். அங்கிருந்தவர்களுக்கு ஊரில் யார் மிஞ்சியது என்று தெரியாது. இங்கிருந்தவர்களுக்கு அங்கே யார் மிஞ்சியது என்று தெரியாது. இரண்டு முனையும் ஒரே கிழமையில் அறுந்தன. எனக்கு அப்போது பத்து வயது. சாச்சி பல மாதங்களுக்குப் பிறகு ஜோர்தான் வழியாக ஒரு பையோடு வந்து சேர்ந்தார். நாங்களும் இடம்பெயர்ந்து போய் வந்திருந்தோம். மூன்று கசட்டில் ஒன்று மட்டும் தகரப் பெட்டியில் இருந்தது.

கசட்டின் முதுகில் இரண்டு சின்னப் பற்கள் இருப்பதைப் பழைய ஆட்கள் அறிவார்கள். அவற்றை உடைத்துவிட்டால் அதன்மேல் வேறெதுவும் பதிய முடியாது. உடைத்த ஓட்டையைக் கடதாசியால் அடைத்தால் மறுபடி பதியலாம். அந்தக் கசட்டின் ஓட்டைகளும் தொண்ணூறுகளின் நடுவில் எப்போதோ அடைபட்டு, மேலே ஒரு பயான் பதியப்பட்டது. அந்நாட்களில் வீட்டுக்கு வீடு நடந்ததுதான் இது. புதுக் கசட்டுக்குச் சல்லி வேண்டும், பயானில் நன்மை இருக்கிறது, சாச்சியோ வீட்டுக்கே வந்துவிட்டார். மௌலவியின் பேச்சு இரண்டாம் பக்கத்தில் நாடா முடியுமுன்னே முடிந்துவிடுகிறது. அதற்குப் பின் நான்கு நிமிடம் அளவில் சாச்சி தகரத்தின் விலை கேட்டுக்கொண்டிருக்கிறார்.

நமது கட்டுரைகள் தொழில்நுட்பத்தின் தலையில் கட்டும் பழி உண்மையில் எங்கே போகவேண்டும் என்பதற்காகவே இதைச் சொன்னேன். போர் எடுத்தது ஒரு பங்கு. 2004 டிசம்பர் 26இல் கடல் எடுத்தது ஒரு பங்கு. மூன்றாவது பங்கை நாமே எடுத்தோம். கவி படிப்பது வெட்கம், றபான் தட்டுவது ஆகாது, பெண் குரல் அந்நியர் காதில் விழக்கூடாது என்று ஊருக்குள் புதிதாக ஓங்கிய பேச்சுகளுக்குப் பின் மூத்தம்மாமார் வாயை மூடிக்கொண்டார்கள். இதில் மார்க்கத் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருப்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் மண்வாசனைக் கட்டுரை எழுதுகிறவர் இதைத் தொடாமல் கைத்தொலைபேசியை ஏசிவிட்டு எழுந்து போவதை நேர்மையென்று ஏற்க முடியவில்லை.

நான்காவதாக அச்சம் எடுத்த பங்கு. 2019 ஏப்ரல் 21க்குப் பின் வீடு வீடாகத் தேடுதல் நடந்த கிழமைகளில், அறபு எழுத்துள்ள எந்தக் கடதாசியும் ஆபத்தாகத் தெரிந்தது. எங்கள் ஒழுங்கையில் அடுப்புக்குள் போனவற்றில் அறபுத் தமிழ்க் கொப்பிகளும் இருந்தன. எழுத்து அறபு, மொழி தமிழ். பெண்புத்தி மாலையும் தலைப்பாத்திகாவும் பிள்ளைப்பேற்றுக்கான நாட்டு மருந்தும் ஒரே கொப்பியில் எழுதிவைத்த கைகள் அவை. "இது தமிழ்தான் மகன், ஆனா வாறவனுக்கு எப்பிடி விளங்கப்படுத்துற?" என்று ஒரு மாமி என்னிடம் கேட்டார். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இருக்கவில்லை. அடுப்பில் போட்ட கொப்பியைப் பற்றி நம்மில் யாராவது எழுதினோமா? கவிதைகள் வந்தன, பெருந்துயரம் பற்றிய பெருங்கவிதைகள். கொப்பி அவற்றில் இல்லை.

இதற்கு நேரெதிராக, ஏசப்படும் அந்தக் கைத்தொலைபேசி 2021இல் செய்ததைப் பாருங்கள். கொவிட்டில் மரணித்தவர்களை எரித்தேயாக வேண்டும் என்ற விதி 2020 ஏப்ரலில் வந்து, 2021 பெப்ரவரியில்தான் மாறியது. மார்ச் முதல் ஏறத்தாழ ஓராண்டு, நாட்டின் எல்லாத் திசையிலிருந்தும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட உடல்கள் ஓட்டமாவடி மஜ்மா நகருக்கு வந்தன. முஸ்லிம்களோடு ஏனைய சமயத்தவர் சிலரும் அந்த மண்ணில்தான் இருக்கிறார்கள். உறவினர் ஓரிருவருக்கே வர இடமிருந்தது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் தன் வாப்பாவுக்கு மண் போடுவதைத் திரையில்தான் பார்த்தது. கைபேசியைப் பிடித்திருந்தவரின் கை நடுங்கி, படத்தில் பாதி வானமாகவே இருக்கிறது. அந்த வீட்டு உம்மாவுக்கு அந்தப் பாதி வானம்தான் கபுறு. கருவி மனிதரைப் பிரித்துவிட்டது என்று எழுதுகிறவர் அந்த உம்மாவிடம் போய் ஒருமுறை வாசித்துக் காட்டட்டும்.

கருவியை நம்பிப் படுத்துறங்கலாம் என்பதும் என் கட்சியல்ல. கசட்டுக்கு வாவிக்கரையின் ஈரமும் பூஞ்சணமும் எதிரி என்றால், இன்றைய வட்ஸ்அப் குரல்செய்திக்குக் கைபேசி நீரில் விழும் ஒரு கணம் போதும். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களோடு நமது சிற்றிதழ்களையும் மின்வருடி வைத்திருப்பது பெரிய ஆறுதல். அதன் ஆவணகத்தில் வாய்மொழி வரலாறுகளும் சேர்கின்றன. ஆனால் கொடுப்பவர் கொடுத்தால்தான் அங்கும் சேரும்.

சென்ற ஆண்டு பத்தாம் தர மாணவர்களிடம் 'எனது கிராமம்' கட்டுரையை நிறுத்திவிட்டு, வீட்டில் வயதில் மூத்தவர் பேசுவதைப் பத்து நிமிடம் பதிந்து, அப்படியே எழுத்தில் பெயர்த்து வரச் சொன்னேன். இருபத்தெட்டுப் பேரில் பத்தொன்பது பேர் செய்தார்கள். எழுத்துப்பிழை மலிந்திருந்தது. என்றாலும் இரண்டு கட்டுரை ஒன்றுபோல் இருக்கவில்லை. ஒரு பிள்ளை தன் மூத்தம்மாவின் கவியைப் பதிந்து வந்தது. அவர் என்னைக் கூப்பிட்டனுப்பி, "இத யாரு கேக்கப்போற சேர்? ஆம்புளையள் கேட்டா எனக்குப் பாவம் வராதா?" என்று கேட்டார். உங்கள் அனுமதி இல்லாமல் யாருக்கும் போகாது என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். பேத்திமாருக்கு மட்டும் கொடுக்கலாம், தான் மௌத்தான பிறகு மற்றதை அவர்கள் தீர்மானிக்கட்டும், பேர் மட்டும் போடவேண்டாம் என்றார். பள்ளிக்கூடக் கணினியில் அந்தக் கோப்புக்குத் திகதியை மட்டும் பெயராக இட்டு, பிரதியெடுத்து அவரது பேத்திமார் மூவருக்கும் கொடுத்திருக்கிறேன்.