ஆஸ்கர் தொட்டியின் தெளிநீர்

ஆஸ்கர் மீன் இறால் தின்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். வாய் கொள்ளாமல் அள்ளிக்கொள்ளும். தொண்டைக்குள் இருக்கும் இன்னொரு வரிசைப் பற்களால் அரைக்கும். அரைத்ததில் ஒரு பங்கு செவுள் வழியாகத் தூளாக வெளியே பறக்கும். தின்று முடித்த கையோடு தரைக்குப் போய், கூழாங்கற்களை வாயால் தூக்கிப் போட்டுப் பள்ளம் பறிக்கும். அமேசான் ஆற்றிலிருந்து நம் ஊர்த் தொட்டிகளுக்கு வந்து ஓரடி நீளம் வளரும் இந்த மீனை வைத்துக்கொண்டு, உள்ளே தண்ணீர் இருப்பதே தெரியாத அளவுக்குத் தெளிவாகத் தொட்டியைக் காப்பாற்றுகிறவர்கள் சென்னை பெசன்ட் நகர் அடுக்குமாடி வீடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் செய்வதைக் கலை என்றே நான் சொல்வேன்.

கண்ணாடி வழியாக மீன் பார்க்கும் பழக்கம் சென்னைக்குப் பழையது. அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டனின் முயற்சியால் 1909-இல் மெரினாவிலேயே மீன் காட்சியகம் திறந்தார்கள். நூறாண்டுக்கு மேல் மீனைப் பார்த்துப் பழகிய நம் கண், நீரைப் பார்க்க இன்னும் பழகவில்லை. அதைப் பழக ஒரு வழி உண்டு. தொட்டியின் முன்னால் நிற்காதீர்கள். ஒன்றரை அடி ஆழத்தில் சுமாரான நீரும் தெளிவாகவே தெரியும். பக்கவாட்டில் போய், தொட்டியின் முழு நீளத்தையும் ஊடுருவிப் பாருங்கள். குறை எல்லாம் அங்கே வெளிப்படும். லேசான தேநீர் நிறம் என்றால் நீர் மாற்றிப் பல நாளாகிறது. பால் கலந்ததுபோல் வெண்மை என்றால் தொட்டி புதிது, அல்லது தீனி மிஞ்சுகிறது. பச்சை என்றால் வெயிலும் கழிவும் சேர்ந்து பாசி வளர்க்கின்றன. துரு நிறம் போர் தண்ணீரின் இரும்பு. கடைசியாக மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். நல்ல தொட்டியில் ஈர மண்ணின் மணம் மட்டுமே இருக்கும்.

கண்ணுக்குத் தெளிவான நீரும் மீனைக் கொல்லக்கூடும் என்பதால்தான் இந்தக் கலைக்கு ஆழம் வருகிறது. மீனின் செவுளிலிருந்து ஓயாமல் வெளியேறும் அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது. ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை நைட்ரேட்டாகவும் மாற்றிக் கொடுத்தால்தான் மீன் பிழைக்கும். இந்த இரண்டாம் வேலையைச் செய்வது நைட்ரோபாக்டர் என்றே நெடுங்காலம் நம்பினார்கள். நன்னீர்த் தொட்டிகளில் அதைச் செய்வது நைட்ரோஸ்பைரா என்று 1998-இல்தான் ஆய்வு காட்டியது. புதுத் தொட்டியில் இந்தக் கூட்டம் குடியேறி நிலைபெற ஆறு வாரம்வரை ஆகலாம். அந்த நாட்களில் நீர் வெளுத்ததும் பதறி, எல்லாவற்றையும் கொட்டிக் கழுவுகிறவர் முதல் படிக்கே திரும்பிப் போகிறார். காத்திருக்கத் தெரிந்தவருக்கே தெளிவு வசப்படும்.

பெசன்ட் நகரின் நீர் இந்தக் கலைஞர்களுக்குத் தனிப் பரீட்சை வைக்கிறது. மெட்ரோ வாட்டர், போர், லாரி என்று மூன்று வழியில் வரும் தண்ணீருக்கு மூன்று குணம். மெட்ரோ தண்ணீரில் குளோரின் இருக்கும். நன்மை செய்யும் பாக்டீரியாவையும் அது கொல்லும். ஆகவே ஆன்டி-குளோரின் சொட்டுகள் விடுவார்கள், இல்லையென்றால் டிரம்மில் ஒரு நாள் காற்றேற்றி வைப்பார்கள். 2013-இல் திறந்த மெட்ரோ வாட்டரின் நெம்மேலி நிலையம் கடல்நீரிலிருந்து நாளுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுத்துத் தென்சென்னைக்கு அனுப்பும் திறன் கொண்டது. அப்படி வரும் நீர் போர் தண்ணீரைவிட மென்மையானது. பாக்டீரியா 1 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்றும்போது ஏறக்குறைய 7 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்கு ஈடான காரத்தன்மை செலவாகிறது. மென்னீரில் அந்தக் கையிருப்பு சீக்கிரம் தீர்ந்து நீர் புளிக்கத் தொடங்கும். விஷயம் தெரிந்தவர்கள் நன்றாகக் கழுவிய கிளிஞ்சலை வடிகட்டியின் ஓர் அறையில் போட்டு வைக்கிறார்கள். அது மெல்லக் கரைந்து இழப்பை ஈடுகட்டும்.

போர் தண்ணீருக்கோ நேரெதிர் குணம். கடலோர மணலுக்கடியில் இருக்கும் நன்னீரைக் கோடையில் அளவுக்கு மீறி இறைத்தால் உப்பேறும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு மீண்டும் இனிக்கும். மழைநீரைக் கிணற்றுக்கு விடச் சொல்லி மழைநீர் சேகரிப்பு ஆர்வலர் சேகர் ராகவன் பெசன்ட் நகரில் வீடு வீடாக ஏறி இறங்கியதன் பலன் மீன்தொட்டிவரை வருகிறது. பி.எச். 7 உள்ள 28 டிகிரி நீரில் மொத்த அம்மோனியாவில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவுதான் நச்சு வடிவில் இருக்கும், பி.எச். 8 ஆனால் நூறில் ஆறு பங்குக்கு மேல் போய்விடும். எனவே பி.எச். கூடிய கடினநீரில் வளர்க்கிறவர் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும். லாரித் தண்ணீர் எந்தக் கிணற்றிலிருந்து வருகிறது என்பது வீட்டுக்காரருக்குத் தெரியாது. ஒவ்வொரு லோடையும் சோதித்த பிறகே தொட்டிக்குள் விடுவார்கள்.

இனி வடிகட்டி. நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டி 255 லிட்டர் கொள்ளும். ஓர் ஆஸ்கருக்கு அது குறைந்தபட்ச இடம். நான் ரசிக்கும் தொட்டிகளில் தரையில் கல் இருக்காது. மோட்டாரின் நீரோட்டத்தை ஒரு மூலைக்குத் திருப்பிவிட்டிருப்பார்கள். கழிவு தானே அங்கே போய்ச் சேரும், சைபன் குழாயால் நிமிடத்தில் உறிஞ்சிவிடலாம். தொட்டியின் அடியில் இருக்கும் சம்புக்கு வழிந்து இறங்கும் நீர் முதலில் பஞ்சையும், பிறகு ஸ்பாஞ்சையும், கடைசியில் பீங்கான் வளையங்களையும் கடந்து மேலே ஏறும். மணிக்கு ஆறேழு முறை முழு நீரும் இப்படிச் சுற்றி வரும். இங்கேதான் கைத்தேர்ச்சி தெரியும். பஞ்சில் சிக்கிய கழிவு கண்ணுக்கு மறைந்தாலும் அதே நீரில்தான் அழுகிக்கொண்டிருக்கிறது. அதனால் பஞ்சை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அலசுவார்கள். வளையங்களை மாதக்கணக்கில் தொட மாட்டார்கள். தொட நேர்ந்தால் குழாய் நீரில் காட்டாமல், தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே மெல்ல அலசுவார்கள். வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றுவது எந்த வடிகட்டி இருந்தாலும் தவறாது.

சித்திரை வெயிலில் நீர் 32 டிகிரிக்கு ஏறினால் அது பிடித்துவைக்கும் ஆக்சிஜன் லிட்டருக்கு 7.3 மில்லிகிராம்தான், 25 டிகிரியில் 8.3. மீனுக்கும் பாக்டீரியாவுக்கும் ஒரே மூச்சு. மின்சாரம் நின்றால் இரண்டும் ஒன்றாகத் திணறும். 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் நகரத்தின் மரங்களையும் மின்கம்பங்களையும் சாய்த்த பிறகு, பேட்டரியில் ஓடும் காற்று மோட்டாரின் அருமை பலருக்குப் புரிந்தது. தேர்ந்தவர்கள் அன்று தீனியை முற்றாக நிறுத்தினார்கள். தீனி குறைந்தால் கழிவு குறையும். வளர்ந்த ஆஸ்கர் சில நாள் பட்டினியைத் தாராளமாகத் தாங்கும்.

கச்சேரியில் தம்பூரா சரியாக இருந்தால் யாரும் அதைத் தனியாகக் கவனிப்பதில்லை. தொட்டியில் நீரும் அப்படித்தான். வீட்டுக்கு வருகிற எல்லோரும் மீனைப் பாராட்டுவார்கள். அதன் ஆரஞ்சும் கறுப்பும் எடுப்பாகத் தெரிவது எவருடைய உழைப்பினால் என்பது அறிந்த கண்ணுக்கு மட்டுமே தெரியும். குறுக்கு வழி தேடாமல், மீன் இருக்கும் காலம் முழுவதும், அதாவது பத்தாண்டுக்கு மேல், வாரம் தவறாமல் செய்யும் வேலை அது.

கொளத்தூர்க் கடைகளில் ஆஸ்கர் குஞ்சு இரண்டு அங்குலத்தில் அழகாக நீந்தும். வாங்கும் முன் அது ஓரடி ஆகும் நாளுக்கு வீட்டில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். முதலில் தொட்டியையும் நீரையும் தயார் செய்யுங்கள். மீன் ஆறு வாரம் கழித்து வரட்டும். கழிவைத் தின்று தொட்டியைச் சுத்தமாக்கும் என்று சொல்லி சக்கர் மீனைக் கொடுத்தால் வாங்காதீர்கள். அது பாசியைத் தின்னும். கூடவே தன் பங்குக்கு நிறையக் கழிவும் போடும். வளர்க்க முடியாமல் போனால் எந்த மீனையும் அடையாற்றிலோ ஏரியிலோ விட்டுவிடாதீர்கள். அப்படி விடப்பட்ட சக்கர் மீன்கள் தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பெருகி நம் நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. வளர்க்க முடியாத மீனைக் கடைக்கோ வேறொரு வளர்ப்பாளருக்கோ கொடுங்கள்.